எலி கடிக்காத வயர்

அருணாதேவி யாருடைய பேச்சையும் எடுத்த எடுப்பில் நம்பிவிட மாட்டாள். வேட்டவலம் சாலையில் ஆதிமூலத்தின் ஒர்க் ஷாப்பில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பேட்டரி புதுசுன்னு நானே சொன்னாலும் இந்தப் பொண்ணு மீட்டர் வெச்சுப் பாக்குதுப்பா" என்று ஆதிமூலம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புக்கு நடுவே கொஞ்சம் மனக்குறையும் இருக்கும். இன்ஜின் வேலையில் அவரை அசைக்க முடியாது. வயர் சமாச்சாரம் என்றால் மட்டும் கையைத் தூக்கிவிடுவார். அதற்காகத்தான் அவளை வைத்துக்கொண்டார்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் வீடு. கணவன் திருமலை வேர்க்கடலையும் நெல்லும் பயிர் வைக்கிறவன். காலையில் மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பி வருவாள். "உங்கிட்ட ஒரு பொய் சொல்றதுக்கு பரீட்சைக்குப் படிக்கற மாதிரி படிக்கணும்" என்று திருமலை சொல்வான். அவன் சொல்வதில் தப்பில்லை. பால்காரர் 'மாடு வத்திப்போச்சு' என்றால்கூட, எந்த மாடு என்று கேட்கிறவள் அவள்.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததா, வேலையால் வந்ததா என்று அவளுக்கே தெரியாது. டிப்ளமா முடித்துவிட்டு வேலூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் சில வருடங்கள் இருந்தாள். அங்கே கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டுவார்கள். பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று என்று வண்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகளில் எது பேசவில்லை என்று திரையில் வருகிறதோ அந்தப் பெட்டியை மாற்றுவார்கள். ஒரு வண்டிக்கு ஸ்டியரிங் பெட்டியை மாற்றி அனுப்பினார்கள், திரும்பி வந்தது. மறுபடி மாற்றினார்கள், மறுபடி வந்தது. கடைசியில் அவள் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, தண்ணீர் இறங்கி ஒரு கனெக்டரின் ஊசிகள் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு பெட்டி பதில் சொல்லவில்லை என்று மற்றது புகார் சொன்னால், ஊமை எது, செவிடு எது என்று தனியாகப் பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் முற்பகல் வேணு தன் வெள்ளை நிற ஏழு சீட்டு வண்டியை உள்ளே கொண்டுவந்து விட்டார். விட்டவர் உடனே இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, ஒர்க் ஷாப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்று பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களையும் வடநாட்டுக்காரர்களையும் ஏர்போர்ட்டுக்கும் பாண்டிச்சேரிக்கும் ஜவ்வாது மலைக்கும் கூட்டிப் போகிற வேலை. சொந்த வண்டி, சொந்த ஓட்டம்.

"கார் ஸ்டேண்டு ஆளுங்க யார்னா இங்க வந்து போவாங்களா மேடம்?" என்றார்.

"வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாரும்தான் வருவாங்க. இன்னா பிரச்சன, சொல்லுங்கண்ணா."

வேணு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லா ஓடிக்கினே இருக்கும். திடீர்னு போர்டுல இருக்கற லைட்டு பூரா எரியும். ஸ்பீடு முள்ளு சைபர்ல போய் படுத்துக்கும். ஸ்டேரிங் கல்லு மாதிரி ஆயிடும். ஓரங்கட்டி நிறுத்துனா அப்பறம் ஸ்டார்ட்டே ஆவாது. கொஞ்ச நேரம் போனா ஒண்ணுமே நடக்காத மாதிரி கெளம்பிடும்."

"எப்பலருந்து?"

"வெயில் காலத்துலருந்து. இது தானா வந்த கோளாறு இல்ல மேடம். செஞ்சு வெச்சது."

யார் செய்தது என்பதற்கு அவரிடம் இரண்டு பேர் இருந்தார்கள். முதல் ஆள் மாறன். அதே ஸ்டேண்டில் வண்டி ஓட்டுகிறவன். வேணுவிடம் வழக்கமாக வந்துகொண்டிருந்த சில வெளிநாட்டுக்காரர்கள் இப்போது அவன் வண்டியில் போகிறார்கள். இரண்டாவது, போளூர் சாலை எலக்ட்ரீஷியன் தருமன். பிரேக் பெட்டி போய்விட்டது என்று சொல்லி, வேறொரு பழைய வண்டியில் கழற்றிய பெட்டியை மாட்டினார். கோளாறு போகவில்லை. நன்றாக இருந்த தன்னுடைய பெட்டியை அவர் எடுத்துக்கொண்டிருப்பாரோ என்று வேணுவுக்கு ஒரு நெருடல்.

"இன்னொன்னு சொல்றேன், சிரிக்காதீங்க" என்றார். "வண்டி நடு வழியில நின்னுதுன்னா, உடனே வீட்லருந்து போன் வருது. எங்க இருக்கறீங்க, ஒடம்பு நல்லாக்குதானு கேக்கறா. சும்மா ஓடிக்கினு இருக்கும்போது வராது. நின்னா மட்டும் வருது. எவனோ பின்னாடியே வந்து பாத்துட்டு அவளுக்கு சொல்றான்."

அருணா சிரிக்கவில்லை. ஆனால் மனிதருடைய குடும்ப விஷயம் தனக்கெதற்கு என்று அதைக் காதோடு விட்டுவிட்டாள். பின்னால் யோசித்தபோது, அவர் அன்றைக்குச் சொன்னதிலேயே, நின்றால் மட்டும் போன் வருகிறது என்ற அந்தப் பேச்சுதான் நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது.

ஸ்கேனரை மாட்டினாள். பிரேக் பெட்டி பேசவில்லை என்று இன்ஜின் பெட்டி சொன்னது. ஸ்டியரிங் பேசவில்லை என்று பிரேக் பெட்டி சொன்னது. ஏர்பேக், மீட்டர் போர்டு எல்லாம் ஆளுக்கொரு புகார். இவ்வளவு பேரும் ஒரே சமயத்தில் ஒருவர்மேல் ஒருவர் புகார் சொன்னால் குற்றம் பெரும்பாலும் ஆட்களிடம் இருக்காது. பேச்சு போகிற பாதையில் இருக்கும். வண்டியில் உள்ள அத்தனை எலக்ட்ரானிக் பெட்டிகளும் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே வயர்களின் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. அந்த இரண்டும் எங்காவது ஒன்றையொன்று தொட்டால் மொத்தப் பேச்சும் நின்றுபோகும்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தாள். அந்த ஜோடி வயரின் இரண்டு கோடியிலும் கம்பெனியே நூற்றிருபது ஓம் மின்தடை கொண்ட ரெசிஸ்டர் ஒவ்வொன்று வைத்திருக்கும். இரண்டும் நன்றாக இருந்தால் மீட்டரில் அறுபது ஓம் காட்ட வேண்டும். ஒன்று அறுந்திருந்தால் நூற்றிருபது. இதில் நாற்பது காட்டியது.

முனைகளைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். நாற்பது. வேறு மீட்டரில் பார்த்தாள். அதுவும் நாற்பது.

ரெசிஸ்டர் கூடினால் இந்த எண் குறையும். நாற்பது என்றால் ஒரே அர்த்தம்தான். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அவளுடைய சந்தேகம் நேராகத் தருமனின் பழைய பிரேக் பெட்டிமேல் போனது. சில மாடல்களில் அந்த ரெசிஸ்டர் பிரேக் பெட்டிக்குள்ளேயே வரும். மாடல் பார்க்காமல் மாட்டியிருப்பார்.

"வேற மாடல் வண்டியோட பெட்டிய போட்டிருப்பாரு போலக்குது" என்று வேணுவிடம் சொன்னாள். 'போலக்குது' என்று சொன்னதை வேணு காதில் வாங்கவில்லை. அன்று மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு போளூர் சாலைக்குப் போய், நாலு பேர் நடுவில் தருமனைத் திருடன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் வண்டி திரும்ப வந்ததும் அவள் பிரேக் பெட்டியின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைத்தாள். மூன்றாவது ரெசிஸ்டர் அதற்குள் இருந்தால் இப்போது அறுபதுக்கு வர வேண்டும். வரவில்லை. அதே நாற்பது.

தருமன்மேல் தப்பில்லை.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள். அதே நாற்பது. ஸ்டியரிங், ஏர்பேக், மீட்டர் போர்டு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாம் என்று ஆரம்பிப்பதற்குள் வேணு வந்து நின்றார். ஏர்போர்ட் சவாரி ஒன்று கட்டாயம் போக வேண்டுமாம். "இன்னும் கண்டுபிடிக்கலண்ணா, எடுத்துக்கினு போவாதீங்க" என்று அவள் சொன்னாள். நேற்றிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லையே, சரியாகிவிட்டது என்று சொல்லி அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏர்போர்ட் வரை போகவில்லை. செங்கம் சாலையில் ஸ்பீடு பிரேக்கர் ஒன்றில் ஏறி இறங்கியதுமே எல்லா விளக்கும் எரிந்து, வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு வெளிநாட்டுப் பெண்கள், மேலே கட்டிய பெட்டிகள். பின்னால் பஸ்ஸும் ஆட்டோவும் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. அந்த வழியாக வந்த மாறன்தான் அந்தப் பெண்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

வண்டியை இழுத்துக்கொண்டு வேணு ஒர்க் ஷாப்புக்கு வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"இங்க விடறதுக்கு முன்னாடி இந்த அளவுக்கு இல்ல" என்றார். "இன்னா மாத்துனீங்க?"

"நான் எதையும் மாத்தலண்ணா. பிடுங்கிப் பாத்துட்டு அப்டியே மாட்டிட்டேன்."

"அப்ப இது இன்னா?"

முன்னால் பயணி உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்து, வண்டிக் காகிதங்கள் வைக்கிற டேஷ்போர்டு அறையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே இரண்டு ஸ்குரூக்களின் தலை தேய்ந்திருந்தது. பிளாஸ்டிக்கில் ஸ்குரூ டிரைவர் வழுக்கிய கீறல். "இது ஷோரூம்லருந்து வந்த வண்டி. தருமன் இந்தப் பக்கம் வரவே இல்ல, நான் கூடவே நின்னேன். அப்போ தெறந்தது யாரு? உள்ள இருந்த பெட்டிய எட்துட்டு வேற வெச்சுட்டீங்க. சாயந்திரம் ஸ்டேண்டு ஆளுங்களோட வருவேன். என்னுது எனக்கு வந்தாவணும்."

ஆதிமூலம் சமாதானம் சொல்லி அனுப்பினார். அனுப்பிவிட்டு அருணாவைப் பார்த்த பார்வை அவளுக்குச் சுருக்கென்றது. "நீ அந்தப் பக்கம் ஏதும் கழட்டுனியாம்மா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டார்.

"கையே வெக்கல சார்."

"ம்" என்று சொல்லிவிட்டு, தண்டராம்பட்டில் நின்றுபோன ஒரு டிராக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அவமானம் ஒரு பக்கம் இருக்க, அந்தக் கீறல் அவள் மனதைவிட்டுப் போகவில்லை. தான் கழற்றவில்லை. தருமனும் கழற்றவில்லை என்று வேணுவே சொல்கிறார். கம்பெனியில் இப்படி வழுக்கவிட மாட்டார்கள். அப்படியானால் யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார், வேணுவுக்கே தெரியாமல்.

ஸ்குரூக்களைக் கழற்றி அறையை வெளியே இழுத்தாள். டார்ச்சைக் காட்டினாள். பின்னால் ஓடுகிற வயர்க் கற்றையோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றி ஒரு சின்னப் பெட்டி இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஓரத்தில் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. வண்டி எங்கே இருக்கிறது, ஓடுகிறதா நிற்கிறதா என்று செல்போனுக்குச் சொல்லும் கருவி. அதிலிருந்து வந்த இரண்டு வயர்களை, பெட்டிகள் பேசிக்கொள்கிற அந்த ஜோடி வயரின் தோலை உரித்து, கையாலேயே முறுக்கி, மேலே டேப் ஒட்டியிருந்தார்கள். இந்த ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. ஸ்பீடு பிரேக்கரில் குலுங்கும்போது இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று தொட்டிருக்கும். தொட்டால் எல்லாம் ஊமை. விலகினால் பழையபடி பேச்சு. மூன்றாவது ரெசிஸ்டரும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

அவள் அதைத் தனியாகப் பிரித்து, அதற்குள் இருந்த சிம்மையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மாறனா? அவனுக்கு இவர் போகிற இடம் தெரிந்து என்ன ஆகப் போகிறது. வேணுவே வைத்துவிட்டு நாடகம் ஆடுகிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒர்க் ஷாப்பின் மறுகோடியில் இரண்டு பேர் ஒரு வேனுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாருக்கும் போன் செய்யவில்லை.

ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வெள்ளை வண்டியிடம் வந்தாள்.

"அத கழட்டிட்டீங்களாக்கா?" என்றாள்.

அருணா கையிலிருந்த பெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "நீங்க யாரு?"

"தமிழ்செல்வி. வேணுவோட சம்சாரம். நேத்து நீங்க பேட்டரி கழட்டுனப்பவே போன்ல மெசேஜ் வந்துச்சு. ஒர்க் ஷாப்புதானேனு விட்டுட்டேன். இப்ப சுத்தமா ஆஃப்லைன்னு காட்டுது."

அருணா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புருஷன்மேல் சந்தேகப்பட்டு வேவு பார்க்கிறவள் என்றுதான் முதலில் எண்ணம் போனது. அதை மறைக்கவும் இல்லை. "உங்க வீட்டுக்காரரு எங்க போறாரு, யாரோட போறாருனு பாக்கறதுக்கா?" என்று கேட்டாள்.

தமிழ்செல்வி கோபப்படவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவருக்கு சுகரு. ஊசி போட்டுக்கறாரு. மாசி மாசம் செங்கத்துலருந்து வந்துக்கினு இருந்தோம், நானும் அவரும்தான். பேசிக்கினே வந்தவரு பேச்ச நிறுத்திட்டாரு. திரும்பிப் பாத்தா கண்ணு தெறந்திருக்குது, ஆளு இல்ல. வண்டி மெதுவா எறங்கி ஒரு கரும்பு வயலுக்குள்ள போய் நின்னுச்சு. வாயில சக்கரய போட்டப்பறம்தான் நெனவு வந்துச்சு. வேளைக்கு சாப்புடாம ஓட்டுனதுல சுகரு கம்மியாயிடுச்சுனு டாக்டர் சொன்னாரு. தனியா மலைக்கு வண்டி ஓட்டாதீங்கன்னாரு."

"யாருக்கும் தெரியாதா?"

"என் தலமேல கை வெச்சு சத்தியம் வாங்குனாரு. ஸ்டேண்டுல தெரிஞ்சா ஒருத்தன் ஏற மாட்டான்னாரு. மலைக்குப் போவ மாட்டேன்னாரு. ஆனா போறாரு, எங்கிட்ட பாண்டிச்சேரின்னு சொல்லிட்டு. எனக்கு எப்டி தூக்கம் வரும்? அவரு இல்லாத நேரத்துல கார் சாமான் கடையில சொல்லி இத வெக்கச் சொன்னேன். வண்டி ஓடிக்கினு இருந்தா ஆளு முழிச்சிருக்கறாருனு அர்த்தம். நின்னா போன் போடுவேன். எடுத்துட்டாருன்னா உயிரு வரும்."

வைத்த நாளிலிருந்து அந்த வண்டி அடிக்கடி நின்றது. நிற்கும்போதெல்லாம் தமிழ்செல்வி நடுங்கிக்கொண்டு போன் போட்டாள். வண்டியை நிறுத்துவதே தான் வைத்த பெட்டிதான் என்று அருணா எடுத்துச் சொன்னபோது அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"எலி கடிச்சிடுச்சுனு சொல்லிடுங்கக்கா" என்றாள் பிறகு. "எல்லா ஒர்க் ஷாப்புலயும் அதானே சொல்றாங்க. நம்பிடுவாரு."

நம்பிவிடுவார்தான். எலி என்றால் எந்த வண்டிக்காரரும் மறுகேள்வி கேட்பதில்லை. திருட்டுப் பழியும் போய்விடும். அருணாவுக்கு அந்த வழி எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. ஆனால் கண் திறந்தபடி ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதர், நாளைக்கு யாரையோ ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவார் என்பதும் தெரிந்தது.

"எலின்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "அவரு வண்டில நாளைக்கி யார்னா ஏறுவாங்க. நீங்க இங்கயே இருங்க. அவரு வந்ததும் இத நீங்களே அவரு கையில குடுங்க. நான் வெளிய யாருகிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்லலன்னா அவருகிட்ட நானே சொல்லுவேன்."

தமிழ்செல்வி அவளை வெறுப்போடு பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

அருணா அந்த முறுக்கை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை ஈயம் உருக்கிச் சுத்தமாகச் சால்டர் வைத்தாள். சூடு காட்டினால் இறுகிக்கொள்ளும் ஸ்லீவை மேலே ஏற்றி, ஜோடியைப் பழையபடி முறுக்கிக் கட்டினாள். மீட்டரில் அறுபது. கற்றையைப் பிடித்துக் குலுக்கினாள். கதவை அறைந்து சாத்தினாள். வண்டியைக் குழி மேடெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி வைத்தாள். அறுபதிலிருந்து நகரவில்லை.

சாயந்திரம் வேணு ஸ்டேண்டு ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். ஆதிமூலமும் அதற்குள் திரும்பியிருந்தார்.

"வண்டி சரியாயிடுச்சுண்ணா" என்றாள் அருணா. "ஆனா இன்னா ஆச்சுன்றத உங்ககிட்ட மட்டும்தான் பேசணும். வண்டிகிட்ட வாங்க."

"அதென்ன ரகசியம்?" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர். "எட்துக்கினு போன பெட்டிய திரும்ப மாட்டிட்டீங்களா? எங்க முன்னாடியே சொல்லுங்க."

"இங்கியே சொல்லேம்மா" என்றார் ஆதிமூலமும். அவர் குரலில் இருந்தது கெஞ்சலா அதட்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சின்னப் பெட்டியைக் காட்டி எல்லார் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தால் பழி அந்த நிமிடமே தீரும். கூடவே வேணுவின் சர்க்கரையும் கரும்பு வயலும் அடுத்த நாள் ஸ்டேண்டில் டீயோடு ஓடும். அவள் வண்டியை நோக்கி நடந்தாள். வேணு ஒரு கணம் தயங்கிவிட்டுப் பின்னால் போனார்.

பின் சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்ததும் அவர் கால் நின்றது. அருணா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

கண்ணாடி ஏற்றியிருந்ததால் உள்ளே பேசியது யாருக்கும் கேட்கவில்லை. தமிழ்செல்வி முன்பக்கம் சாய்ந்து பேசுவதும், வேணு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. ஒரு தடவை திரும்பி ஏதோ கத்தினார். பிறகு நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். தமிழ்செல்வியின் கை அவர் தோளுக்கு வந்தது. அவர் அதைத் தள்ளிவிடவில்லை.

வெளியே வந்தபோது கூட வந்தவர்களிடம், "ஒரு வயரு அறுந்திருந்துச்சாம். அவ்ளோதான், வாங்க போலாம்" என்றார். அருணாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

ஸ்டேண்டில் அது வேறு கதையாக ஓடியது. வேட்டவலம் ரோடு ஒர்க் ஷாப்பில் ஒரு பெண் பெட்டியை மாற்றிவிட்டாளாம், நாலு பேர் போய்க் கேட்டதும் ரகசியமாகத் திரும்ப மாட்டிக் கொடுத்தாளாம். அந்தப் பக்கத்து வண்டிகள் வருவது நின்றுபோனது. ஆதிமூலம் அவள் கழற்றுகிற இடத்துக்கு ஏதாவது சாக்கு வைத்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஊரையே சந்தேகக் கண்ணோடு பார்த்துப் பழகியவளுக்கு, அந்தக் கண் தன் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று அந்தப் புரட்டாசி முழுக்கத் தெரிந்தது. இரண்டு நாள் வேலைக்கே போக வேண்டாம் என்று இருந்தாள். "நீ செஞ்சியா, இல்லியா?" என்று திருமலை கேட்டான். "இல்ல" என்றாள். "அப்ப போ" என்றான். அவன் மேற்கொண்டு எதுவும் கேட்காததுதான் அவளுக்கு அந்த மாதத்தில் கிடைத்த ஒரே ஆறுதல்.

அவள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று பாக்கி இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் போளூர் சாலைக்குப் போனாள். தருமன் ஒரு ஆட்டோவின் அடியில் படுத்திருந்தார்.

"நான் ஆதிமூலம் ஒர்க் ஷாப்பு அருணா. வேணு அண்ணன் வண்டில நீங்க போட்ட பெட்டி சரியான பெட்டிதான். நான்தான் தப்பா சொன்னேன். அத சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

தருமன் வெளியே வராமலே கேட்டார். "யாரு அனுப்புனாங்க?"

"யாரும் அனுப்பல."

"ஆதிமூலமா? எங்கிட்ட வர்ற வண்டி எத்தினின்னு பாத்துட்டு வரச் சொன்னாரா?"

"இல்லண்ணா. நான் சொன்னதால உங்கள நாலு பேரு முன்னாடி திருடன்னு சொல்லிட்டாங்க. அதான்."

கீழிருந்து ஸ்பேனர் தரையில் விழும் சத்தம் கேட்டது. அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள். வருகிற வழியெல்லாம், அவர் இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால், ஊரில் லாட்ஜுகள் நிரம்ப ஆரம்பித்த சமயத்தில், வேணு ஒர்க் ஷாப்புக்கு வந்தார். இளைத்திருந்தார். ஆதிமூலம் இருக்கும்போதே பேசினார்.

"ஸ்டேண்டுல நானே சொல்லிட்டேன்" என்றார். "சுகரு இருக்குது, ஒரு வாட்டி மயக்கம் வந்துச்சுனு. இப்ப உள்ளூர் ஓட்டம்தான். தூரம்னா கூட ஒரு டிரைவர போட்டுக்கறேன். மாறன்தான் ஆளு புடிச்சுக் குடுத்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களயும் ஏதேதோ பேசிட்டேன் மேடம். அதையும் ஸ்டேண்டுல சொல்லிட்டேன்."

"வேளைக்கு சாப்புடுங்கண்ணா" என்றாள் அருணா.

வேணு போனபிறகு நடந்ததையெல்லாம் ஆதிமூலம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தாடையைத் தடவிக்கொண்டே, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் நீ" என்றார்.

"உங்ககிட்ட சொன்னா டீக்கடையில சொன்ன மாதிரி சார்."

அவர் மறுக்கவில்லை.

தை பிறந்து சில நாள் கழித்து ஒரு காலையில், செழியன் என்று ஒருவர் சிவப்பு நிறக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏர்பேக் விளக்கு அணைய மாட்டேன் என்கிறதாம், சில நாள் ஸ்டார்ட்டும் ஆவதில்லையாம்.

"போளூர் ரோட்டுல காட்டுனேங்க. தருமன் எலக்ட்ரீஷியன் பாத்துட்டு, இது என்னால ஆவாது, வேட்டவலம் ரோட்டுல ஒரு அம்மா இருக்கறாங்க, அவங்ககிட்ட போங்கன்னாரு."

"அவரா சொன்னாரு?"

"ஆமாங்க. பேரு சொல்லி அனுப்புனாரு."

அருணா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வழிய வந்து தனக்கு அனுப்பியிருக்கிறார் என்றால் இதில் அப்படி என்ன வில்லங்கம் இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு பானெட்டைத் திறந்தாள்.